ஆட்சிக்குழுவில் ஒரே ஒரு வழக்கறிஞர்: அந்தச் சட்டக் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு சுயநிதிக் கல்லூரிகளில் கிடைத்திருக்கிறது.

முதல் கல்லூரி வீட்டிலிருந்து போய்வரும் தூரம். அதன் ஆட்சிக்குழுவில் ஒன்பது பேர். தலைவர் கட்டுமானத் தொழில் செய்பவர், அவர் மனைவி அறங்காவலர், இன்ஜினியரான மகன் தாளாளர். ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், 'கல்வியாளர்' என்று மட்டும் போட்ட ஒருவர், கடைசியாக ஒரு வழக்கறிஞர். இரண்டாவது கல்லூரியில் ஏழு பேர். அதில் ஐந்து பேர் மூத்த வழக்கறிஞர்களும் முன்னாள் நீதிபதிகளும். கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, விடுதிச் செலவு வேறு.

ஆசிரியையின் தம்பி பதினைந்து வருடமாக வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. "கட்டடம் கட்டுகிறவரும் டாக்டரும் சேர்ந்து சட்டம் சொல்லிக்கொடுப்பார்களா? கடன் வாங்கியாவது இரண்டாவதில் சேர்" என்கிறார். மகளோ, "பாடம் எடுப்பது ஆட்சிக்குழு இல்லையே" என்கிறாள். ஆசிரியை கேட்கும் கேள்விகள் நான்கு: சட்டம் படிக்காதவர்கள் சட்டக் கல்லூரி நடத்த அனுமதி உண்டா? நீதிபதி ஒருவர் குழுவில் இருப்பதை நம்பலாமா? வழக்கறிஞர்கள் நிறைந்த குழு என்றால் மகளின் எதிர்காலத்துக்கு நல்லதா? இவர்களைப் பற்றிக் கல்லூரியிடம் கேட்க ஒரு தாய்க்கு உரிமை உண்டா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

குழு உறுப்பினர்களின் பெயரை விட்டுவிட்டு, தொழிலை மட்டும் வரிசையாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்க்கை நேரத்தில் பெற்றோர் கட்டடம், கட்டணம், பேருந்து என்று கேட்பார்கள். கல்லூரியை யார் ஆள்கிறார்கள் என்று கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. கேட்க வேண்டிய கேள்விதான் இது. ஆனால் உங்கள் தம்பி பார்க்கும் விதத்தில் பார்த்தால் தவறான கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: அனுமதி உண்டு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 7-வது பிரிவு, சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலுக்குக் கொடுத்திருக்கிறது. பல்கலைக்கழகங்களையும் மாநில பார் கவுன்சில்களையும் கலந்து அதைச் செய்ய வேண்டும். அந்த அதிகாரத்தில் வந்தவைதான் 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள். முதல்வருக்கு என்ன தகுதி, முழுநேர ஆசிரியர்கள், நூலகம், மாதிரி நீதிமன்றம், சட்ட உதவி மையம், பயிற்சி வாரங்கள் என்று எல்லாவற்றையும் அவை பேசுகின்றன. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையிலோ சங்கத்திலோ இருப்பவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. முதல்வர் சட்டம் படித்தவராக, அந்தப் பதவிக்குரிய கல்வித் தகுதி உள்ளவராக, முழுநேரப் பணியில் இருக்க வேண்டும். விதி அழுத்திப் பிடிப்பது அந்த நாற்காலியைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார் கவுன்சிலுக்குள்ளேயே சட்டக் கல்விக்கு ஒரு குழு உண்டு. அதில் பத்துப் பேர். ஐந்து பேர் கவுன்சில் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மீதி ஐந்து பேர் கவுன்சிலுக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று சட்டத்தின் 10-வது பிரிவே சொல்கிறது. சட்டக் கல்வியை பார் கவுன்சில்காரர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது என்று 1961-லேயே நினைத்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர்கள் மட்டும் ஆண்டால் என்ன ஆகும்?

உங்கள் தம்பி நினைப்பதுபோல முழுக்க முழுக்க வழக்கறிஞர்களே நடத்திய சட்டக் கல்வி வரலாற்றில் இருந்தது. லண்டனில் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று நான்கு அமைப்புகள். பாரிஸ்டர் ஆக வேண்டுமென்றால் இவற்றில் ஒன்றில் சேர வேண்டும். காந்தி சேர்ந்தது இன்னர் டெம்பிள், அம்பேத்கர் சேர்ந்தது கிரேஸ் இன். இவற்றை ஆள்பவர்கள் 'பென்ச்சர்' எனப்படும் நீதிபதிகளும் மூத்த பாரிஸ்டர்களும். தொழிலின் உச்சியில் இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் இருந்தும், பாடம் நடத்துவது அங்கே மெல்ல மெல்லத் தேய்ந்து, பருவத்துக்கு இத்தனை விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்ற நிலைக்கு வந்தது. கட்டாயத் தேர்வு என்ற ஒன்று வந்ததே 1872-இல்தான். காந்தி 1891-இல் பாரிஸ்டர் ஆனபோதும் அந்த விருந்துக் கணக்கு இருந்தது. ஒரு வழக்கைக் கையில் எடுத்து நடத்தும் தைரியம் அந்தப் படிப்பில் தனக்கு வரவில்லை என்று அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

பென்ச்சர்களின் சட்ட அறிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய காலை நேரம் நீதிமன்றத்தில், மாலை நேரம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரரோடு. கற்பிப்பது என்பது தனி வேலை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

அடுத்த முனைக்குப் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹார்வர்ட் சட்டப் பள்ளிக்கு 1870-இல் டீன் ஆன லாங்டெல், தீர்ப்புகளை வைத்தே பாடம் நடத்தும் முறையைக் கொண்டுவந்தவர். அவர் காலத்தில், 1873-இல், வழக்கறிஞர் தொழிலில் அனுபவம் என்று சொல்ல ஏதும் இல்லாத ஏம்ஸ் என்ற இளைஞர் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அதன் பிறகு சட்ட ஆசிரியர் என்பதே தனித் தொழிலாக வளர்ந்தது. அது நல்லதா கெட்டதா என்ற வாதம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அங்கே தெளிவு இருக்கிறது. சட்டப் பள்ளிகளை அங்கீகரிக்கும் அமெரிக்கன் பார் அசோசியேஷனின் விதிப்படி, பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, மதிப்பீடு, சேர்க்கைக் கொள்கை இவற்றில் முதல் பொறுப்பும் அதிகாரமும் டீனுக்கும் ஆசிரியர்களுக்கும்தான். ஆட்சிக்குழுவில் யார் வேண்டுமானாலும் இருக்கட்டும், வகுப்பறை ஆசிரியர்கள் கையில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

நம் நாட்டிலும் இந்தப் பிரிவினை உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய சட்டப் பள்ளி 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, 1988-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இந்தியத் தலைமை நீதிபதி அதன் வேந்தர். பொதுக்குழுவில் நீதிபதிகளும் பார் கவுன்சில்காரர்களும் உண்டு. ஆனால் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கக் கல்விக்குழு தனியாக, நிர்வாகக்குழு தனியாக, நிதிக்குழு தனியாக. அதைக் கட்டியெழுப்பிய முதல் இயக்குநர் மாதவ மேனன், வழக்கறிஞராகப் பதிவு செய்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். இன்று நாம் சாதாரணமாகப் பேசும் ஐந்தாண்டுப் படிப்பு நாடு முழுக்கப் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வேந்தர் பெயர் அந்தப் பள்ளிக்கு மரியாதை தந்தது. பள்ளியை உருவாக்கியது அன்றாடம் அங்கே உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு குழு

ஒரு சுயநிதிச் சட்டக் கல்லூரியின் ஆட்சிக்குழுவில் மூன்று வருடம் வெளி உறுப்பினராக இருந்தேன். பெயர் வேண்டாம். முதல் கூட்டத்துக்குப் போனபோது மேசையில் பன்னிரண்டு பொருள்கள் கொண்ட நிகழ்ச்சிநிரல். முதல் ஒன்பதும் கட்டடம், விடுதி, பேருந்து, ஆண்டு விழா. பத்தாவது நூலகச் செலவு. குழுவில் என்னையும் சேர்த்து நான்கு வழக்கறிஞர்கள், ஒரு முன்னாள் நீதிபதி. தொகையைப் படித்தார்கள், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஆடிட்டர் மட்டும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு செலவழித்திருக்கிறோம். போன வருடம் பிள்ளைகள் எத்தனை புத்தகம் எடுத்தார்கள்?"

நூலகரை அழைத்தார்கள். அவர் பதிவேட்டை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினால், தேர்வுக்கு முந்தின வாரங்களில் ஒரே கைடு புத்தகம்தான் திரும்பத் திரும்ப வெளியே போயிருந்தது. தீர்ப்புத் தொகுப்புகள் ஒன்றுகூட எடுக்கப்படவில்லை. ஏன் என்றால், அவை கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்தன. சாவி அலுவலகக் கண்காணிப்பாளரிடம். அவர் நாலரை மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். வகுப்பு முடிவதும் நாலரைக்குத்தான்.

அடுத்த வாரமே அலமாரி திறந்தது. சட்டம் படித்த ஐந்து பேர் அந்த அறையில் இருந்தும், அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவில்லை என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. தீர்ப்புத் தொகுப்பு இருக்கிறது என்று தெரிந்ததுமே எங்களுக்கு மனம் நிறைந்துவிட்டது. கணக்குப் பார்க்கிறவருக்குத்தான் அது புழங்குகிறதா என்ற சந்தேகம் வந்தது.

அதே குழுவில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் இருந்தார். கூடுதலாக ஒரு பிரிவு தொடங்கி அறுபது பேரைச் சேர்க்கலாம் என்று தலைவர் சொன்னார். அனுமதி பிறகு வரும், முதலில் சேர்ப்போம் என்பது அவர் யோசனை. அதிகாரி சத்தம் போடவில்லை. "என் மறுப்பை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள்" என்றார். எழுதினார்கள். பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்த தலைவர், தீர்மானத்தைத் தள்ளிவைக்கச் சொன்னார். அறுபது குடும்பங்கள் பிழைத்தன.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

உங்கள் பட்டியலில் உள்ளவர்கள்

கட்டுமானத் தொழிலதிபர் தலைவராக இருப்பது என்னைக் கவலைப்படுத்தவில்லை. பணம் போட்டுக் கல்லூரி கட்டியவர் தலைவராக இருப்பது வழக்கம்தான். டாக்டர் இருப்பதும் அப்படியே, மருத்துவச் சட்டம் நடத்தும்போது ஒரு நாள் வந்து பேசினால் மாணவர்களுக்கு லாபம். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இருப்பதைத்தான் நான் அடிக்கோடு போட்டேன். ஒன்பதில் மூன்று என்பது பெரும்பான்மை இல்லை. ஆனால் தலைவர், தாளாளர், அறங்காவலர் மூவரும் ஒரே வீடு என்றால், முடிவு கூட்டத்துக்கு முன்பே வீட்டில் எடுக்கப்படலாம். மற்ற ஆறு பேரில் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் யார் என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த ஒரே வழக்கறிஞரைப் பற்றி உங்கள் தம்பி "நல்லவேளை, ஒருவராவது இருக்கிறாரே" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த அறக்கட்டளையின் சொந்த வழக்குகளை நடத்துபவரா என்று விசாரியுங்கள். இது பல இடங்களில் நான் பார்த்தது. அப்படியானால் அவருக்குத் தலைவர் கட்சிக்காரர். கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டே, மாணவர் பக்கம் நின்று அவரை மறுத்துப் பேசுவது எவருக்கும் சிரமம். அவர் நேர்மையில் குறை சொல்லவில்லை, அவர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி.

ஓய்வுபெற்ற நீதிபதி விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீதிபதியாக இருந்தவருக்கு இரண்டு தரப்பையும் கேட்கத் தெரியும், காரணம் எழுதி முடிவு சொல்லத் தெரியும். மாணவர் புகார், தேர்வு முறைகேடு, ஆசிரியர் நீக்கம் போன்றவற்றில் அப்படி ஒருவர் இருப்பது பெரிய பலம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் விதிகளும் இதை ஒத்துக்கொள்கின்றன. கல்லூரிக் குறைதீர் குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால், பல்கலைக்கழகம் நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முன்னாள் துணைவேந்தராக, அனுபவமுள்ள ஓய்வுபெற்ற பேராசிரியராக, அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதியாக இருக்க வேண்டும். ஆனால் குழுவில் பெயர் இருப்பதும், கூட்டத்துக்கு வருவதும் வேறு வேறு. விளக்கக் கையேட்டில் படம் போட்டு, ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தி, அதோடு முடியும் இடங்கள் உண்டு. அவர் கடைசியாக எந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டார் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அலுவலகத்தில் தேதி சொன்னால் நல்லது. "சார் பெரிய மனுஷர், பிஸி" என்று பதில் வந்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

'கல்வியாளர்' என்று மட்டும் போட்டிருப்பவரைப் பற்றி: எந்தப் பாடம், எங்கே, எத்தனை வருடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்ட ஆசிரியராக இருந்தவர் என்றால், என் கணக்கில் அந்தப் பட்டியலிலேயே முக்கியமானவர் அவர்தான்.

இரண்டாவது கல்லூரியும் மூத்த வழக்கறிஞர்களும்

உங்கள் தம்பியின் நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லவில்லை. குழுவில் உள்ள சீனியர் யாராவது பிற்காலத்தில் உங்கள் மகளை ஜூனியராக எடுத்துக்கொள்வார் என்பது. வருடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியே வரும் இடத்தில் குழுவில் உள்ள ஒரு சில சீனியர்கள் எத்தனை பேரை எடுக்க முடியும்? வாங்கப்போகும் கடனை அந்த நம்பிக்கையின் மேல் வைக்காதீர்கள். ஜூனியராகச் சேர்வது பெரும்பாலும் பயிற்சிக் காலத்தில் கேஸ் கட்டைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்த கையெழுத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. அதற்கு ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரப் பயிற்சி கட்டாயம் என்று 2008 விதிகளே வைத்திருக்கின்றன. அந்த 20 வாரத்தை எந்தக் கல்லூரி உருப்படியாக நடத்துகிறது என்பதைப் பாருங்கள்.

ஆனாலும் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் கல்லூரிக்குள் வர வேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறது. காரணம் இது. முழுநேரச் சட்ட ஆசிரியர் பொதுவாக நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது. தொழில் செய்யும் வழக்கறிஞர் பாடம் எடுக்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் 1979-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதனால் வக்காலத்து எப்படித் தாக்கல் செய்வது, குறுக்கு விசாரணையில் எங்கே நிறுத்துவது என்பதை அன்றாடம் பார்க்கிறவர், வகுப்பில் அதைச் சொல்லித்தர ஏற்பாடு வேண்டும். மனு வரைதல், தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றம் ஆகிய நான்கும் செய்முறைப் பாடங்களாகவே பாடத்திட்டத்தில் இருக்கின்றன. இவற்றை யார் எடுக்கிறார்கள் என்று இரண்டு கல்லூரியிலும் கேளுங்கள். இரண்டாவது கல்லூரியின் சீனியர்கள் மாதம் ஒரு நாளாவது வகுப்புக்கு வருகிறார்கள் என்றால், கூடுதல் கட்டணத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. படத்தில் மட்டும் இருக்கிறார்கள் என்றால் இல்லை.

உங்கள் உரிமைகளும், தகவல் பெறும் வழிகளும்

சேரும் முன் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நீங்கள் கேட்கலாம், அவர்கள் பதில் சொல்லாமலும் இருக்கலாம். அந்த மௌனமும் உங்களுக்கு ஒரு தகவல். அதற்கு மேல் சட்டபூர்வமான வழிகள் சில உண்டு.

*நடத்துவது எந்த அமைப்பு?* லாப நோக்கமற்ற நிறுவனமாக, அதாவது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவானதாக இருந்தால், இயக்குநர்கள் யார் என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சங்கமாக இருந்தால் நிர்வாகிகள் விவரம் சங்கப் பதிவாளரிடம் தாக்கல் ஆகியிருக்கும். அறக்கட்டளை என்றால் கொஞ்சம் சிக்கல். அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிவாகியிருக்கும், நகல் வாங்கிவிடலாம் என்று உங்கள் தம்பி சொல்லியிருக்கிறார். பாதி சரி. அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பத்திரம் என்றால் அந்த அலுவலகத்தின் 1-ஆம் பதிவுப் புத்தகத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். சொத்து இல்லாத பத்திரம் 4-ஆம் புத்தகத்துக்குப் போய்விடும். அதன் நகல், பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர்களுக்கும் அதன்வழி உரிமை கோருபவர்களுக்கும் மட்டுமே.

*தகவல் உரிமைச் சட்டம்.* தனியார் கல்லூரிக்கு இது பொருந்தாது என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு நிதி கணிசமாகப் பெறும் கல்லூரி என்றால் பொருந்தும், உச்ச நீதிமன்றம் 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. உங்களுடையது சுயநிதிக் கல்லூரி, நேரடியாகக் கேட்க முடியாதுதான். ஆனால் இணைப்பு கொடுத்த பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பு. அதனிடம் உள்ள இணைப்பு ஆணை, ஆய்வு அறிக்கை, முதல்வர் மற்றும் ஆசிரியர்களின் தகுதிப் பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டதால் பதில் பிந்தி வரலாம். இருந்தாலும் இன்றே போடுங்கள், முதலாண்டிலேயே உதவும்.

*பார் கவுன்சில் அங்கீகாரம்.* குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட நூறு மடங்கு முக்கியமானது இது. அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் வாங்கும் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. பதிவோடு, தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். அந்தத் தேர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 'அங்கீகாரம் உண்டு' என்ற வாய்வார்த்தை போதாது. எந்த ஆண்டுவரை, எந்தப் படிப்புக்கு, எத்தனை பிரிவுக்கு என்று கடிதத்தைப் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் பார் கவுன்சில் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்றாண்டுத் தடை போட்டிருக்கிறது. ஏற்கெனவே உள்ள கல்லூரிகளும் முன் அனுமதி இல்லாமல் புதிய பிரிவு தொடங்க முடியாது. "இந்த வருடம் புதிதாக ஒரு செக்‌ஷன் ஆரம்பிக்கிறோம்" என்று யாராவது சொன்னால், ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணம் கட்டாதீர்கள். மூலச் சான்றிதழ்களையும் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது மானியக் குழுவின் 2018 அறிவிப்பு.

பெண் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2013-ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார், தலைவர் குடும்பத்துக்கு வேண்டியவரா என்று பாருங்கள். ஆட்சிக்குழுவில் ஒரே குடும்பத்தினர் மூன்று பேர் இருக்கும் இடத்தில் இந்தப் பெயர் முக்கியம்.

என் கருத்து

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் குடும்ப நிலையில், அங்கீகாரக் கடிதம் சரியாக இருந்து, முதல்வர் முழுநேரமாக அங்கேயே இருப்பவராக இருந்தால், நான் முதல் கல்லூரியின் பக்கமே சாய்வேன். உங்கள் மகள் சொன்னது முக்கால்வாசி சரி, பாடம் எடுப்பது ஆட்சிக்குழு இல்லை. மீதிக் கால்வாசி, யாரை ஆசிரியராக எடுப்பது, நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, ஒரு நல்ல முதல்வரை எத்தனை நாள் நிம்மதியாக வேலை செய்ய விடுவது என்பதில் இருக்கிறது. அது ஆட்சிக்குழுவின் கையில். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை முதல்வர்கள் மாறினார்கள் என்று கேட்டால் அந்தக் கால்வாசியும் தெரிந்துவிடும். ஒருவரோ இருவரோ என்றால் சரி. நான்கு பேர் என்றால், எவ்வளவு பெரிய நீதிபதி குழுவில் இருந்தாலும் அங்கே வேண்டாம்.

அடுத்த வாரம் கல்லூரியைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தாளாளர் அறைக்குப் போகும் முன் நூலகத்துக்குப் போங்கள். குற்றவியல் சட்ட வரிசையில், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு எத்தனை பிரதிகள் இருக்கின்றன, அல்லது பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் புத்தகங்கள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றை எடுத்து, கடைசியாக எந்தத் தேதியில் யாருக்குக் கொடுத்தார்கள் என்று உள்ளே ஒட்டிய தேதி முத்திரைச் சீட்டைப் பாருங்கள். அப்புறம் முதல்வரைச் சந்திக்கும்போது நீங்கள் பேசாமல் மகளைக் கேட்கவிடுங்கள். பாடம் சம்பந்தமாக அவர் கேட்ட ஏதாவது ஒன்றை ஆட்சிக்குழு கடைசியாக எப்போது நிறைவேற்றியது என்று அவள் கேட்கட்டும். அவர் யோசிக்காமல் பதில் சொல்கிறாரா, அல்லது தாளாளரைத் திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனித்து, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.